பின்தங்கியவர் விலகிவிட வேண்டுமா?

ஓட்டப் பந்தயத்தில் கடைசியாக ஓடி வரும் பையனைப் பார்த்து, "போதும், நின்றுவிடு" என்று யாரும் சொல்வதில்லை. அவன் எல்லைக் கோட்டைத் தொடும்போது கைதட்டல் கொஞ்சம் பலமாகவே கேட்கும். தேர்தலில் மட்டும் இந்தப் பெருந்தன்மை நமக்கு வருவதில்லை. ஒருவர் பின்தங்கிவிட்டார் என்று தெரிந்ததும், "இன்னும் எதற்கு நிற்கிறார்? கௌரவமாக விலகிக்கொள்ளக் கூடாதா?" என்று கேட்கத் தொடங்கிவிடுகிறோம்.

இந்தக் கேள்வி நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை தவறாமல் எழுகிற இடம் அமெரிக்கா. அந்நாட்டு அரசியல் நமக்கு எதற்கு என்று சில அன்பர்கள் நினைக்கலாம். நம் சங்கத்து உறுப்பினர் குடும்பங்களில் பாதிக்கு மேல் ஒரு மகனோ மகளோ அங்கே இருக்கிறார்கள். முதலில் படிக்கப் போனவர்கள், பிறகு பச்சை அட்டை வாங்கினார்கள், இப்போது வாக்குச் சீட்டும் வாங்கிவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமைத் தொலைபேசியில் பேரன் பேத்தி பேச்சு முடிந்ததும் அடுத்து வருவது அந்த ஊர்த் தேர்தல்தான். அதைப் புரிந்துகொள்ளாமல் "உம்" கொட்டிக்கொண்டிருப்பதைவிட, கொஞ்சம் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது.

தவிரவும், இது அமெரிக்காவுக்கு மட்டுமே உரிய கேள்வி அல்ல. தோல்வி தெரிந்த பிறகும் களத்தில் நிற்பது பிடிவாதமா, கடமையா என்பது எங்கும் உள்ள கேள்விதான்.

நம் ஊரும் அந்த ஊரும்

நம் நாட்டில் கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுப்பது மேலிடம். தொண்டன் சுவரொட்டி ஒட்டலாம், கூட்டத்துக்கு ஆள் சேர்க்கலாம். வேட்பாளர் யார் என்பதைப் பத்திரிகையில் பார்த்துத்தான் தெரிந்துகொள்வான். 2014 மக்களவைத் தேர்தலின்போது காங்கிரஸ் கட்சி சில தொகுதிகளில் மட்டும் உள்ளூர்க் கட்சியினரே வாக்களித்து வேட்பாளரைத் தேர்வு செய்யும் முறையைச் சோதித்துப் பார்த்தது. வதோதராவில் அப்படித் தேர்வானவர், அங்கே நரேந்திர மோடி போட்டியிடுகிறார் என்று தெரிந்ததும், கட்சியின் மூத்த தலைவர் ஒருவருக்கு இடத்தை விட்டுக்கொடுத்தார். சோதனை அந்த அளவில் நின்றது.

அமெரிக்காவில் அப்படி இல்லை. ஜனநாயகக் கட்சி, குடியரசுக் கட்சி இரண்டிலும் ஜனாதிபதி வேட்பாளராக விரும்புகிறவர்கள் முதலில் தம் கட்சிக்குள்ளேயே மோதிக்கொள்ள வேண்டும். இதற்குத்தான் பிரைமரி தேர்தல் என்று பெயர். ஒரே நாளில் நாடு முழுவதும் நடப்பதில்லை. ஜனவரி அல்லது பிப்ரவரியில் ஆரம்பித்து ஜூன் வரை மாநிலம் மாநிலமாக நடக்கும். ஒவ்வொரு மாநிலத்துக்கும் இத்தனை பிரதிநிதிகள் என்று கணக்கு உண்டு. கோடையில் நடக்கும் கட்சி மாநாட்டில் பாதிக்கு மேற்பட்ட பிரதிநிதிகள் யார் பக்கமோ அவரே வேட்பாளர்.

இந்த அமைப்பிலேயே நம் கேள்வியின் வேர் இருக்கிறது. ஐந்து மாதம் நடக்கும் போட்டியில் மார்ச் மாதத்திலேயே ஒருவர் முந்திவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். ஏப்ரல், மே, ஜூனில் வாக்களிக்க வேண்டிய மாநிலத்தார் என்ன செய்வது? பின்தங்கியவர் விலகிவிட்டால் அவர்கள் வாக்குக்கு மதிப்பில்லை. விலகாவிட்டால் கட்சிக்குள் சண்டை நீளுகிறது. யாருக்காக யார் விட்டுக்கொடுப்பது?

2008: நான் பார்த்த ஆறு வாரம்

2008ஆம் ஆண்டு வசந்த காலத்தில் நானும் என் மனைவியும் பென்சில்வேனியா மாநிலத்தில் மூத்த மகள் வீட்டில் இருந்தோம். பிலடெல்பியாவுக்கு வெளியே, காரில் முக்கால் மணி நேரத் தொலைவில் ஒரு சிற்றூர். பேத்தியைப் பார்த்துக்கொள்ளப் போன எங்களுக்கு, அந்த ஆண்டு பிரைமரி இலவசக் காட்சியாக அமைந்தது.

ஜனநாயகக் கட்சியில் ஹில்லாரி கிளிண்டனும் பராக் ஒபாமாவும் மோதிக்கொண்டிருந்தார்கள். ஜனவரி 3 அன்று அயோவாவில் ஒபாமா முதலிடம்; ஹில்லாரி மூன்றாமிடம். ஐந்து நாள் கழித்து நியூ ஹாம்ப்ஷயரில் ஹில்லாரி வென்றார். பிப்ரவரி 5 அன்று இருபதுக்கும் மேற்பட்ட மாநிலங்களில் ஒரே நாளில் நடந்த தேர்தலில் ஏறக்குறைய சரிபாதி. அதன்பின் அந்த மாதம் முழுவதும் ஒபாமா தொடர்ந்து வென்றார். மார்ச் 4 அன்று ஓஹையோவிலும் டெக்ஸாஸ் வாக்குப் பதிவிலும் ஹில்லாரி வென்று மறுபடி மூச்சு வாங்கினார். மார்ச் 11 மிஸிஸிப்பிக்குப் பிறகு ஏப்ரல் 22 பென்சில்வேனியா வரை எந்த மாநிலத்திலும் தேர்தல் இல்லை. ஆறு வாரம் இரண்டு பெரும் படைகளும் எங்கள் மகள் இருந்த மாநிலத்திலேயே முகாமிட்டன.

அந்த ஆறு வாரத்தில்தான் "ஹில்லாரி விலக வேண்டும்" என்ற குரல் பலமாக எழுந்தது. வெர்மாண்ட் செனட்டர் பேட்ரிக் லேஹி மார்ச் மாத இறுதியில் இதை வெளிப்படையாகவே சொன்னார். மறுநாளே ஒபாமா, அவர் எவ்வளவு நாள் விரும்புகிறாரோ அவ்வளவு நாள் போட்டியில் இருக்கலாம் என்று சொல்லிவிட்டார். முந்தி ஓடுகிறவர் அப்படித்தான் சொல்ல வேண்டும். துரத்துகிறார் என்ற பேர் அவருக்கு வரக் கூடாது அல்லவா?

என் மாப்பிள்ளை அப்போதுதான் குடியுரிமை பெற்றிருந்தார். முதல் வாக்கு. ஒபாமா கட்சி. "மாமா, இது வெறும் கணக்கு. ஹில்லாரியால் இனி எட்டிப்பிடிக்க முடியாது. அந்தப் பக்கம் மெக்கெய்ன் மார்ச் 4ஆம் தேதியே குடியரசுக் கட்சிக்கு வேட்பாளராகிவிட்டார். இவர்கள் இருவரும் ஒருவரையொருவர் திட்டுவதற்குச் செலவழிக்கும் ஒவ்வொரு டாலரும் அவருக்கு லாபம்" என்பார்.

பக்கத்து வீட்டில் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை ஒருவர் இருந்தார். தனியாக இருப்பவர். அந்த வயதில் மாலை வேளையில் வீடு வீடாகப் போய் ஹில்லாரிக்கு வாக்குக் கேட்டுவிட்டு வருவார். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் அவரிடம், உங்கள் வேட்பாளர் தோற்றுவிடுவார் என்கிறார்களே என்று கேட்டேன். அவர் கோபப்படவில்லை. தாம் வாக்களிக்க ஆரம்பித்த நாளிலிருந்து பென்சில்வேனியாவின் முறை வருவதற்குள் எல்லாம் முடிந்துபோயிருக்கும் என்றும், வாழ்நாளில் முதல் தடவையாகத் தம் மாநிலத்தைத் தேடி வேட்பாளர்கள் வருகிறார்கள் என்றும், இந்த நேரம் பார்த்து முடித்துக்கொள் என்று சொல்ல வாஷிங்டன்காரர்களுக்கு என்ன உரிமை என்றும் கேட்டார்.

மாப்பிள்ளை சொன்னதும் நியாயம். அந்த அம்மாள் சொன்னதும் நியாயம். இரண்டு நியாயங்கள் மோதும் இடத்தில்தான் நாம் யோசிக்க வேண்டியிருக்கிறது.

கணக்கு என்ன சொல்கிறது?

மாப்பிள்ளையின் கணக்கை முதலில் பார்ப்போம். ஜனநாயகக் கட்சியில் ஒரு மாநிலத்தில் வென்றவருக்கே எல்லாப் பிரதிநிதிகளும் போய்விடுவதில்லை. 15 சதவீத வாக்குப் பெற்ற எவருக்கும் வாக்கு விகிதப்படி பங்கு உண்டு. கேட்பதற்கு மிக நியாயமான முறை. ஆனால் இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. ஒருமுறை பின்தங்கிவிட்டால் எட்டிப்பிடிப்பது மகா கடினம்.

பென்சில்வேனியாவையே எடுத்துக்கொள்ளுங்கள். ஏப்ரல் 22 அன்று ஹில்லாரி ஏறக்குறைய 9 சதவீத வாக்கு வித்தியாசத்தில் வென்றார். எந்தத் தேர்தலிலும் அது நல்ல வெற்றி. ஆனால் மாநிலத்தின் 158 பிரதிநிதிகளில் அவருக்கு 85, ஒபாமாவுக்கு 73. ஆறு வாரம் உழைத்து, கோடிக்கணக்கில் செலவழித்துக் கிடைத்த முன்னேற்றம் வெறும் 12 பேர்! அப்போது அவர் நூற்றுக்கும் மேற்பட்ட பிரதிநிதிகள் பின்தங்கியிருந்தார். டெக்ஸாஸில் இன்னும் வேடிக்கை. அங்கே வாக்குப் பதிவில் ஹில்லாரி வென்றார். அதே மாநிலத்தில் நடந்த கட்சிக் கூட்டங்களில் ஒபாமா அதிகம் பெற்றதால், மொத்தத்தில் டெக்ஸாஸ் பிரதிநிதிகள் ஒபாமாவுக்கே கூடுதலாகப் போனார்கள்.

அப்படியானால் ஹில்லாரி எதை நம்பி நின்றார்? அக்கட்சியில் தேர்ந்தெடுக்கப்பட்ட பிரதிநிதிகள் போக, ஆளுநர்கள், நாடாளுமன்ற உறுப்பினர்கள், கட்சி நிர்வாகிகள் என ஏறக்குறைய 800 பேருக்கு மாநாட்டில் தம் விருப்பப்படி வாக்களிக்கும் உரிமை அன்று இருந்தது. அவர்கள் மனம் மாறினால் முடிவும் மாறும். ஆகவே கதவு அடைபடவில்லை, ஒருக்களித்துத் திறந்திருந்தது. (2018இல் கட்சி விதியை மாற்றிவிட்டது. போட்டி முடிவாகாத நிலையில் இவர்கள் முதல் சுற்றில் வாக்களிக்க முடியாது.)

மே 6 அன்று வட கரோலினாவில் ஒபாமா பெரிய வெற்றி பெற்றார். இண்டியானாவில் ஹில்லாரி மயிரிழையில் வென்றார். அன்றிரவே முடிந்துவிட்டது என்று தொலைக்காட்சியில் சொன்னார்கள். ஆனால் ஒரு வாரம் கழித்து மேற்கு வர்ஜீனியாவில் ஹில்லாரி 41 சதவீத வித்தியாசத்தில் வென்றார். தோற்றுவிட்டார் என்று சொல்லப்பட்ட ஒருவருக்கு ஒரு மாநிலமே இப்படித் திரண்டு வாக்களித்தால், அந்த மக்கள் எதையோ சொல்ல விரும்புகிறார்கள் என்றுதானே பொருள்?

ஜூன் 3 அன்று கடைசி இரு மாநிலங்கள் வாக்களித்தன. ஒபாமாவுக்குத் தேவையான எண்ணிக்கை கிடைத்தது. நான்கே நாள். ஜூன் 7 அன்று வாஷிங்டனில் தம் ஆதரவாளர்களைக் கூட்டி ஹில்லாரி ஒபாமாவுக்கு ஆதரவு அறிவித்தார். இருவருக்கும் தனித்தனியே ஒரு கோடியே 80 லட்சம் வாக்குகள் போல விழுந்திருந்தன. ஆகஸ்டில் டென்வர் மாநாட்டில் வாக்கெடுப்பு நடந்துகொண்டிருக்கும்போதே அவர் எழுந்து, மேற்கொண்டு எண்ண வேண்டாம், ஒபாமாவை ஒருமனதாகத் தேர்ந்தெடுப்போம் என்று முன்மொழிந்தார்.

கட்சி உடைந்ததா? இல்லை. நவம்பரில் ஒபாமா 365 தேர்வாளர் வாக்குகளுடன் வென்றார். 1964க்குப் பிறகு ஜனநாயகக் கட்சிக்கு வாக்களிக்காத இண்டியானாவும், 1976க்குப் பிறகு வாக்களிக்காத வட கரோலினாவும் அவர் பக்கம் வந்தன. அந்த இரண்டு மாநிலங்களிலும் மே மாதம் வரை போட்டி நீடித்ததால்தான் அவருடைய ஆட்கள் மூலை முடுக்கெல்லாம் போய் வாக்காளர்களைப் பதிவு செய்திருந்தார்கள். மாப்பிள்ளை பயந்தது நடக்கவில்லை, நேர்மாறானது நடந்தது. தோற்ற ஹில்லாரி ஒபாமாவின் அமைச்சரவையில் வெளியுறவு அமைச்சரானார்.

நின்று ஜெயித்தவரும் நின்று கெடுத்தவரும்

ஒரே உதாரணத்தை வைத்துக்கொண்டு தீர்ப்புச் சொல்லக் கூடாது. பழைய கணக்குகளையும் புரட்டிப் பார்க்க வேண்டும்.

1976இல் குடியரசுக் கட்சியில் பதவியிலிருந்த ஜனாதிபதி ஜெரால்டு ஃபோர்டை எதிர்த்து ரொனால்டு ரீகன் நின்றார். நியூ ஹாம்ப்ஷயர் தொடங்கி இல்லினாய் வரை வரிசையாகத் தோல்வி. கையில் காசில்லை; கடன் ஏறிக்கொண்டிருந்தது. அவருடைய ஆட்களே எப்படி விலகுவது என்று பேச ஆரம்பித்துவிட்டார்கள். ஆனால் மார்ச் 23 அன்று வட கரோலினாவில் ரீகன் வென்றார். பிறகு டெக்ஸாஸ், இண்டியானா, ஜார்ஜியா, கலிபோர்னியா என்று வென்றுகொண்டே போனார். கடைசியில் கேன்சஸ் சிட்டி மாநாட்டில் 1,187க்கு 1,070 என்ற கணக்கில்தான் ஃபோர்டு தப்பித்தார். நவம்பரில் ஃபோர்டு ஜிம்மி கார்ட்டரிடம் தோற்றார். நான்கு ஆண்டு கழித்து ரீகன் ஜனாதிபதியானார். வட கரோலினாவுக்கு ஒரு வாரம் முன்பு அவர் விலகியிருந்தால், பிற்பாடு அவர் பெயர் யாருக்கு நினைவிருந்திருக்கும்?

1980இல் அதே காட்சி, வேறு கட்சி. ஜனாதிபதி கார்ட்டரை எதிர்த்து செனட்டர் எட்வர்டு கென்னடி. நியூயார்க், கலிபோர்னியா போன்ற பெரிய மாநிலங்களில் வென்றாலும், ஜூன் மாதம் தேர்தல்கள் முடிந்தபோது பெரும்பான்மைப் பிரதிநிதிகள் கார்ட்டர் கையில் இருந்தார்கள். அப்போதும் கென்னடி விலகவில்லை. தாம் எந்த வேட்பாளருக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்களோ அவருக்கே பிரதிநிதிகள் வாக்களிக்க வேண்டும் என்ற விதியை ஆகஸ்டு மாநாட்டில் நீக்கப் பார்த்தார். அந்த முயற்சி தோற்ற பிறகுதான் விலகினார். மறுநாள் அவர் ஆற்றிய உரை இன்றும் பேசப்படுகிறது. ஆனால் மாநாட்டின் கடைசி இரவில், வெற்றி பெற்றவரும் தோற்றவரும் கைகோத்து உயர்த்தும் வழக்கமான காட்சிக்காகக் கார்ட்டர் மேடையில் காத்திருக்க, கென்னடி சம்பிரதாயமாகக் கை குலுக்கிவிட்டு நகர்ந்ததை நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. நவம்பரில் ரீகனுக்கு 489 தேர்வாளர் வாக்குகள், கார்ட்டருக்கு 49.

கார்ட்டரின் தோல்விக்குக் கென்னடி மட்டும் காரணம் என்று சொல்ல மாட்டேன். விலைவாசி ஏறிக் கிடந்தது. டெஹ்ரானில் அமெரிக்கத் தூதரகத்தார் பிணைக் கைதிகளாக இருந்தார்கள். பதவியிலிருப்பவர் பலவீனமாக இருப்பதால்தான் சொந்தக் கட்சியிலேயே எதிர்ப்பாளர் முளைக்கிறார் என்பதையும் மறக்கக் கூடாது. காய்ச்சலுக்குத் தெர்மாமீட்டரைக் குற்றம் சொல்லிப் பயனில்லை.

ஆனாலும் ரீகனுக்கும் கென்னடிக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. ரீகன் மாநாட்டுக்குப் போகும்போது யாருக்கும் பெரும்பான்மை உறுதியாகவில்லை. கென்னடி போகும்போது உறுதியாகிவிட்டது. ஒருவர் முடியாத போட்டியில் நின்றார். மற்றவர் முடிந்த போட்டியில் நின்றார்.

விலகியதும் ஒரு சேவை

நிற்பதன் பெருமையை மட்டும் பேசிவிட்டு விலகுவதன் பெருமையைப் பேசாமலிருப்பது நியாயமில்லை.

2016இல் குடியரசுக் கட்சியில் 17 பேர் களமிறங்கினார்கள். அக்கட்சியில் பல மாநிலங்களில் முதலிடம் பெற்றவருக்கே பெரும் பங்கு அல்லது முழுப் பங்கு. தென் கரோலினாவில் டொனால்டு டிரம்ப் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவான வாக்குகளே பெற்றார். 50 பிரதிநிதிகளும் அவருக்கே. எதிர்த்த வாக்குகள் ரூபியோ, குரூஸ், மற்றவர்கள் என்று சிதறிவிட்டன. அவரை வேண்டாதவர்கள், தங்களில் யார் விலகுவது என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் அவர் முடித்துவிட்டார்.

2020இல் ஜனநாயகக் கட்சி இந்தப் பாடத்தைப் படித்திருந்தது. ஜோ பைடன் அயோவாவில் நான்காமிடம், நியூ ஹாம்ப்ஷயரில் ஐந்தாமிடம். அன்று அவரை விலகச் சொல்லாத பத்திரிகைக்காரர் குறைவு. அவர் தென் கரோலினாவுக்காகக் காத்திருந்தார். பிப்ரவரி 29 அன்று அங்கே ஏறக்குறைய பாதி வாக்குகளைப் பெற்றார். அடுத்த இரண்டு நாளில் அவரைவிட முன்பு மேலே இருந்த பீட் புட்டிஜெட்ஜும் ஏமி குளோபுச்சாரும் விலகி அவரை ஆதரித்தார்கள். மார்ச் 3 அன்று 14 மாநிலங்களில் 10 அவருக்கு. பின்தங்கிய ஒருவர் நின்றதும், பின்தங்கவிருந்த இருவர் விலகியதும் சேர்ந்து ஒரு ஜனாதிபதியை உருவாக்கின. ஏப்ரல் 7 அன்று விஸ்கான்ஸின் வாக்காளர்கள் கொரோனா அச்சத்தில் முகக் கவசத்தோடு வரிசையில் நின்றதைப் பார்த்த மறுநாள், பெர்னி சாண்டர்ஸ் தம் போட்டியை நிறுத்திக்கொண்டார். தோற்கும் போட்டிக்காக மக்களை நோய்க்கு முன் நிறுத்தக் கூடாது என்பது பெரிய நியாயம்.

இங்கே நம்மவர் கதை ஒன்றும் சேர்கிறது. சென்னையில் பிறந்த சியாமளா கோபாலனின் மகள் கமலா ஹாரிஸ் 2019 ஜனவரியில் ஆரவாரமாகத் தொடங்கி, பணம் தீர்ந்துபோய், டிசம்பர் 3 அன்று, ஒரு வாக்குகூடப் பதிவாகும் முன்பே விலகினார். அது முடிவாகிவிடவில்லை. எட்டு மாதத்தில் துணை ஜனாதிபதி வேட்பாளர். 2021 ஜனவரியில் துணை ஜனாதிபதி. திருவாரூர் மாவட்டத்துத் துளசேந்திரபுரத்தில் வெடி வெடித்தார்கள். ஆனால் 2024 ஜூலையில் பைடன் விலகியதும், பிரைமரி களம் காணாமலேயே அவர் ஜனாதிபதி வேட்பாளரானார், நவம்பரில் தோற்றார். உட்கட்சிப் போட்டியின் உரசலில்தான் வேட்பாளர் பட்டை தீட்டப்படுகிறார் என்று சொல்பவர்களுக்கு அது ஒரு சான்றாயிற்று.

அதே 2024இல் குடியரசுக் கட்சியில், பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பத்து விவேக் ராமசாமி அயோவாவில் நான்காமிடம் வந்த அன்றிரவே விலகினார். அமிர்தசரஸிலிருந்து போன பெற்றோரின் மகள் நிக்கி ஹேலி விலகவில்லை. தாம் ஆளுநராக இருந்த தென் கரோலினாவிலேயே 40 சதவீதம் போலப் பெற்றுத் தோற்றார். 50 பிரதிநிதிகளில் அவருக்குக் கிடைத்தது 3. மார்ச் 5 அன்று வெர்மாண்ட் ஒன்றில் மட்டும் வென்று, மறுநாள் போட்டியை நிறுத்தினார். வியப்பு அதன்பின்தான். அவர் போன பிறகும் ஏப்ரல் 23 அன்று பென்சில்வேனியாவில் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள், சீட்டிலிருந்த அவர் பெயருக்கே வாக்களித்தார்கள். வேட்பாளர் வீட்டுக்குப் போய்விட்டார், வாக்காளர் போகவில்லை!

கடனும் வார்த்தையும்

நிற்பதற்கு விலை உண்டு. ஹில்லாரி விலகும்போது அவர் பிரசாரத்துக்கு 2 கோடி டாலருக்கு மேல் கடன். அதில் பாதிக்கும் மேல் அவரே தம் கைப்பணத்திலிருந்து கொடுத்தது. அங்கே தோற்கிறவர்கள் "விலகுகிறேன்" என்பதில்லை. "நிறுத்தி வைக்கிறேன்" என்பார்கள். பெற்ற பிரதிநிதிகளை வைத்துக்கொள்ளவும், கடனை அடைக்க நன்கொடை திரட்டவும் அந்தச் சொல் வசதியானது. இருபது டாலர், ஐம்பது டாலர் அனுப்பும் எளியவர்களின் பணம் அதில் இருக்கிறது. ஜெயிக்க முடியாது என்று தமக்கே தெரிந்த பிறகு, ஜெயிப்பேன் என்று சொல்லி அந்தப் பணத்தை வாங்குவது தர்மமல்ல.

பணத்தைவிடப் பெரிய விலை வார்த்தை. பின்தங்கியவர் தம் கொள்கையைப் பேசிக்கொண்டு நின்றால் கட்சிக்கு நன்மை. முந்தியவர் தகுதியற்றவர் என்று பேசிக்கொண்டு நின்றால், நவம்பரில் எதிர்க்கட்சி அந்த வார்த்தையை அப்படியே எடுத்து விளம்பரம் போடும்.

என் கட்சி

என்னைக் கேட்டால், வாக்களிக்க இன்னும் ஆள் இருக்கும்வரை நிற்கலாம். எல்லாரும் வாக்களித்து, ஒருவருக்குப் பெரும்பான்மை வந்துவிட்டால், அதற்குப் பிறகு ஒரு வாரம்கூட நிற்கக் கூடாது. ஹில்லாரி 2008இல் அந்தக் கோட்டில் சரியாக நின்றார். கென்னடி 1980இல் தாண்டினார். 2016இல் சாண்டர்ஸ் கடைசி வாக்குப் பதிவுக்குப் பிறகும் ஏறக்குறைய ஒரு மாதம் கழித்து, ஜூலை 12 அன்றுதான் ஹில்லாரிக்கு ஆதரவு சொன்னார். அந்தத் தாமதம் தேவையில்லாதது என்பது என் கருத்து.

இதற்கு இரண்டு விலக்கு உண்டு. பலர் நின்று வாக்குச் சிதறும் போட்டியில் நான்காவது, ஐந்தாவது இடத்தில் இருப்பவர் சீக்கிரம் விலகுவதே நல்லது. அவர் நிற்பதால் வாக்காளருக்குத் தேர்வு கூடுவதில்லை, குறைகிறது. இரண்டாவது விலக்கு, நோய், போர் போன்ற பொது ஆபத்து. மற்றபடி, இருவர் மட்டும் மிஞ்சியிருக்கும் போட்டியில் இரண்டாமவரை விலகச் சொல்வது, மீதி மாநிலத்து மக்களை வீட்டிலேயே இரு என்று சொல்வதாகும்.

நமக்கும் இதில் ஒரு செய்தி இருக்கிறது. 2022 அக்டோபரில் காங்கிரஸ் தலைவர் பதவிக்கு நடந்த தேர்தலில் மல்லிகார்ஜுன கார்கேவுக்கு 7,897 வாக்குகள். சசி தரூருக்கு 1,072. முடிவு என்ன என்பது முதல் நாளே எல்லாருக்கும் தெரியும். ஆனால் தரூர் நின்றதால்தான் அது தேர்தல், இல்லாவிட்டால் அறிவிப்பு. மறு ஆண்டே அவர் கட்சியின் செயற்குழுவில் சேர்க்கப்பட்டார்.

வெளி மாநிலத்தில் வாழும் நாம் ஒற்றுமைக்கு மிகவும் மதிப்புக் கொடுப்பவர்கள். கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் சங்கமோ, குடியிருப்போர் மன்றமோ, கோயில் கமிட்டியோ, எங்கே தேர்தல் வந்தாலும் இரண்டாவது மனுத் தாக்கல் செய்தவர் வீட்டுக்கு நான்கு பெரியவர்கள் போய், காபி சாப்பிட்டுவிட்டு, "நமக்குள் எதற்குப் போட்டி? வாபஸ் வாங்கிவிடுங்கள்" என்று சொல்வது வழக்கமாகிவிட்டது. போட்டியின்றித் தேர்வு என்று அறிவித்துக் கைதட்டுகிறோம். அந்த இரண்டாமவருக்கு வாக்களிக்க நினைத்திருந்த இருபது பேர் என்ன நினைத்தார்கள் என்று யாரும் கேட்பதில்லை. அவர்களில் சிலர் அடுத்த ஆண்டு சந்தா கட்டாமல் நின்றுவிடும்போதுதான் நமக்குத் தெரிகிறது.

போட்டியிட்டவர் தோற்ற மறுநாள் ஜெயித்தவரோடு சேர்ந்து நாற்காலி போட வரவேண்டும். அவ்வளவுதான் நாம் அவரிடம் கேட்கத் தக்கது. அதற்கு முன்னால், பெட்டி திறக்கும்வரை அவரை நிற்க விடுவோம்.